வெடிக்கும் வரிசை

தீர்ப்பில் இப்படித்தான் எழுதியிருந்தது:
கூண்டு வெர்லினுக்கு, எஞ்சின் ட்வைலாவுக்கு.
முப்பத்துநாலாம் வருடத்து ஃபோர்டு கூப்பே ஒன்றை
நெப்ராஸ்காவில், கியர்னி நகர நீதிமன்றம்
உயிர் வேறு உடல் வேறாய்ப் பிரித்து வைத்தது.
வீட்டை விற்றார்கள்.
நாயை வாரம் மாற்றி வைத்துக்கொண்டார்கள்.
இதில் மட்டும் இருவரும் இறங்கி வரவில்லை.

நான் வாடகைக்கு விடுபவன்.
ஏணி, கல்யாணக் கூடாரம், கலவை எந்திரம்,
எஞ்சின் தூக்கும் இரும்புக் கை.
இந்தக் கதையில் என் பங்கு
நாளொன்றுக்கு நாற்பது டாலர்.

நான்கு வருடம்
அவன் ஊரின் இந்தக் கோடியில்
கூரையை மூன்று அங்குலம் அறுத்துத் தாழ்த்தினான்.
துரு தின்ற தரையை வெட்டி எறிந்தான்.
பன்னிரண்டு பூச்சு,
ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீர் தொட்டுத் தேய்ப்பு.
என்ன நிறம் என்றால் கறுப்பு என்பான்.
வெயிலுக்குக் கொண்டுவந்தால்தான் தெரியும்
அடியில் கத்தரிப்பூ.

அவள் அந்தக் கோடியில்
பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்து முடித்த இரவுகளில்
எட்டு சிலிண்டர்களையும் திறந்து போட்டாள்.
வால்வுக்கும் துளைக்கும் இடையே
ஒரு விரிசல்.
மயிரிழைதானே என்றேன்.
"தப்புவதும் மயிரிழையில், போவதும் மயிரிழையில்"
என்றவள் தலை நிமிரவில்லை.
இரும்பு ஊசிகளால் தைத்தாள்,
ஒன்றன் தோளை ஒன்று கவ்வும்படி.
பிறகு துளையைக் கடைந்து, புது பிஸ்டன்,
புது வளையங்கள், மூன்று கார்பரேட்டர்.

சேர்த்து விற்றால்தான் விலை என்று
இரண்டு வக்கீல்களும் தனித்தனியே சொன்னார்கள்.
தனித்தனியே பில்லும் அனுப்பினார்கள்.

அது மார்ச் மாதம்.
பிளாட் ஆற்றின் மணல்திட்டெல்லாம் சாம்பல் நாரைகள்.
என் இரும்பு நாரையும் கழுத்தை நீட்டி
எஞ்சினைக் கவ்விக்கொண்டு நின்றது.
"இடது" என்றான்.
"உன் இடதா, என் இடதா?"
நான்கு வருடத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு.

ஓமஹாவிலிருந்து ஹ்ருஸ்கா வர மூன்று மணி.
இரண்டே காலுக்குச் சாவியைத் திருப்பினாள்.
இருமியது.
மறுபடி. கார்பரேட்டர் வழியே
ஒரு முழம் நெருப்பைத் துப்பியது.
அவன் தன் பெயின்ட்டின் மேல் பாய்ந்து விழுந்தான்.

ஸ்பார்க் வயர்களை மாட்டியவன் அவன்.
வயர் கூண்டைச் சேர்ந்தது என்று
காலையில் அரைமணி நேரம் வாதாடி மாட்டினான்.
அவள் விரல் வைத்து எண்ணினாள்:
ஒன்று, ஐந்து, நான்கு, எட்டு,
ஆறு, மூன்று, ஏழு, இரண்டு.
மூன்றும் ஆறும் இடம் மாறியிருந்தன.

ஒன்று இரண்டு மூன்று என்று
ஒழுங்காய் வெடித்தால் என்னவாம் என்றேன்.
"தண்டு முறியும்" என்றாள் அவள்.
"உதறல் தாங்காது" என்றான் அவன்.
இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு
வேறு வேறு சுவரைப் பார்த்தார்கள்.

மூன்றாம் திருப்பில் பிடித்தது.
எண்ணெய் டப்பாக்கள் அலமாரியில் நடந்தன.
சோள வயலில் மேய்ந்த நாரைகள் மொத்தமும்
கம்பளியை உதறினாற்போல் எழுந்தன.

ஓட்டிப் பார்க்க வேண்டும், எஞ்சின் என்னுடையது என்றாள்.
கதவு என்னுடையது என்று அவனும் ஏறினான்.

ஹ்ருஸ்கா வந்து
என் காப்பியை மூன்று கோப்பை குடித்தான்.
நாலரைக்குத் திரும்பினார்கள்,
முன்கண்ணாடியில் பூச்சிகள்,
அவள் முடி அவிழ்ந்து.
எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை.
வாடகைக் கணக்கில் அந்தக் கட்டம் இல்லை.

விற்றார்கள்.
பணத்தைப் பானெட்டின் மேலேயே
இரண்டாய்ப் பிரித்தார்கள், கடைசி டாலர் வரை.
கூப்பே தானிய கோபுரத்தைத் தாண்டி மறைந்தது.
சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

"மூன்றாவது லேசாய்த் தவறுகிறது" என்றான்.
"அது உன் புகைக்குழாய் வெல்டிங்."
"என் வெல்டிங்கில் காற்றே போகாது."
"அதைத்தான் சொல்கிறேன்."

சத்தம் போய் வெகுநேரமாகிவிட்டது.
சாலை நடுவே நின்று
ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் பிடித்து,
வரிசையில்லாத ஏதோ வரிசையில்
வெடித்துக்கொண்டேயிருந்தார்கள்.

இரும்புக் கைக்கான நாற்பது டாலர்
இன்னும் வரவில்லை.
அவள் தர வேண்டும் என்கிறான் அவன்.
அவன் என்கிறாள்.
வசூலிக்கப் போனால்
இப்போதெல்லாம் இருவரும் ஒரே முகவரியில்
கதவைத் திறந்து சொல்கிறார்கள்.