எது வந்தாலும் மூடு

பண்டாரவளையில், ஜவ்பர் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மேலே
என் அறைக்கு ஒரே ஜன்னல்.
மடிக்கணினிக்குக் கணக்கில்லை.

இரவு இரண்டு மணிக்கு என் ஸ்கிரிப்ட் எழும்பும்.
கை இல்லாமல் தட்டும், கண் இல்லாமல் வாசிக்கும்,
பிறக்காத ஒருவருக்கு
எல்லவில் ஒரு அறை பதியும்.
பெயர்: சோதனை சோதனை.
வருகை: நாளை. விருந்தினர்: இருவர்.
இருபத்தெட்டுப் படிகள். இருபத்தெட்டும் பச்சையானால்
காலையில் கொழும்பிலிருந்து இமேஷா
ஒரு கட்டைவிரல் அனுப்புவாள்.

பத்தொன்பதாவது படியில்தான் வினை.
'பதிவு செய்' பொத்தானைத் தொடப் போகும்போது
குறுக்கே ஒரு ஜன்னல் குதிக்கும்:
குக்கிகளுக்குச் சம்மதமா?
மூடினால், அதன் முதுகில் இன்னொன்று:
பத்து வீதம் கழிவு, மின்னஞ்சலைத் தாருங்கள்.
பிறகு மூலையில் ஒரு பெண் படம், பல் தெரிய:
உதவி ஏதும் வேணுமா?
பிறகு,
இந்த அறையை இப்போது பதினேழு பேர் பார்க்கிறார்கள்.

பொய்.
இந்த நேரத்தில் அந்த அறையைப் பார்ப்பது
நான் எழுதிய ஒன்று மட்டும்.
அதற்கும் கண் கிடையாது.

ஒருநாள் வரும், மறுநாள் வராது.
வருமென்று காத்தால் முப்பது செக்கன் வீணாகும்.
வராதென்று நடந்தால் நெற்றியில் இடிக்கும்.
(வெளியே மூடுபனியும் அப்படித்தான்.
அதை உவமையாக்க மாட்டேன்,
இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அதைத்தான் இழுக்கிறார்கள்.)

மூன்று இரவு சிவப்பு.
நான்காம் நாள் கோபத்தில் எழுதினேன், ஆறு வரி:
எது வந்தாலும் மூடு.
என்னவென்று வாசிக்காதே.
பெருக்கல் குறியைத் தேடு, தட்டு, நட.

அதன்பின் பச்சை.
மூன்று கிழமை, மழைக்குப் பிந்திய கொழுந்துப் பச்சை.
கட்டைவிரல்கள் குவிந்தன.
சம்பளத்தோடு கொஞ்சம் கூட்டித் தந்தார்கள்,
கம்பளிச் சட்டை வாங்கினேன்.

பிறகு கம்பளை ஆஸ்பத்திரியிலிருந்து
குளோடில்டா மிஸ்ஸி பேசினார்.
ஒரு அறைக்கு இரண்டு தரம் காசு போயிருக்கிறது.
"ஒரு பெட்டி வந்து சொல்லிச்சு புள்ள,
ரெண்டாவது தரமும் கழிச்சாச்சுன்னு.
நான் வாசிச்சேன்.
ஒங்க ஆளுங்க வாசிக்கலயா?"

பழைய பதிவுகளைத் திறந்தேன்.
பதினொரு இரவு அந்தப் பெட்டி
என் ஸ்கிரிப்டின் முன்னால் வந்து நின்றிருக்கிறது.
பதினொரு இரவும் அதன் வாயைப் பொத்திவிட்டு
பச்சை என்று கையெழுத்திட்டு
நடந்திருக்கிறது,
சொன்னதைச் செய்கிற பிள்ளை.

ஆறு வரியையும் அழித்தேன்.
இப்போது ஒரு பட்டியல் இருக்கிறது, பதின்மூன்று பெயர்.
குக்கிக்காரனை மூடலாம்.
கழிவுக்காரனை மூடலாம்.
பல் தெரியச் சிரிப்பவளையும் மூடலாம், பாவம்.
பதினேழு பேரையும் ஒரே தட்டில் அனுப்பிவைக்கலாம்.
பட்டியலில் இல்லாத முகம் வந்தால்
தட்டாதே. நில்.
படம் எடு.
அது சொன்னதை எழுத்துக்கு எழுத்து எழுதி வை.
சிவப்பாகு.
என்னை எழுப்பு.

நேற்று எழுப்பியது. இரண்டு நாற்பது.
ஊரில் கரண்ட் இல்லை.
கம்பளிச் சட்டையோடு போர்வைக்குள் கிடந்து
ஃபோனில் படத்தைப் பெரிதாக்கினேன்.
நடுத்திரையில் ஒரு ஜன்னல். வெள்ளை.
ஒரு சொல்லும் இல்லை,
மூலையில் பெருக்கல் குறி மட்டும்.
விரல் தானாகவே அங்கே போனது.
படம்தானே, மூடவில்லை.

காலையில் இமேஷா கேட்டாள்: ஏன் சிவப்பு?
தெரியாத ஒன்று வந்தது, நிறுத்தி வைத்திருக்கிறேன்.
என்ன சொன்னது?
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.