இரண்டே முக்கால் கிலோ

ஸ்கெர்ரி முன்னங்கால் இரண்டையும் நீட்டி
உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கிறாள்.
ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுகிறாள்,
வராத படகுக்குக் காத்திருப்பவளைப் போல.

குனிந்து, குளம்புக்குச் சற்று மேலே
இரண்டு விரல் வைத்தேன்.
நல்ல குதிரையிடம் அந்தத் துடிப்பை
நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.
இது என்னைத் தேடிப் பிடித்தது.

மலையில் இருந்தவரை இவளுக்கு ஒன்றுமில்லை.
காற்று தின்று மிச்சம் வைத்த புல்,
பிப்ரவரியில் கரைக்கு இறங்கினால் கடற்பாசி.
மயிரும் எலும்புமாய்க் கல்லைப்போல் இருந்தாள்.
மேக்னி செத்த பிறகு
நான்தான் கூட்டிவந்தேன்,
உரம் போட்டு விதைத்த என் கீழ்வயலுக்கு.
பாவம், இனியாவது வயிறு நிறையட்டும் என்றேன்.
நிறைந்தது.

ஜூனில் எங்கள் யெல் தீவில் இருட்டே வராது.
நள்ளிரவிலும் கடிதம் படிக்கலாம்.
அந்தத் தூங்காத வெளிச்சத்தில்
புல் உட்கார்ந்து சர்க்கரை சமைக்கிறது,
இவள் அதைத் தின்றுகொண்டே இருந்தாள்,
நான் ஜன்னல் வழியாகப் பார்த்து
மகிழ்ந்துகொண்டே இருந்தேன்.

லெர்விக்கிலிருந்து வந்த மருத்துவர் தோரா ஐஸ்பிஸ்டர்
குளம்பை இடுக்கியால் அழுத்தினார்.
ஸ்கெர்ரி காலைப் பிடுங்கிக்கொண்டாள்.
"புல்லை நிறுத்து, இன்றைக்கே.
ஆனால் பட்டினி போட்டுவிடாதே.
உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் இறங்கும்,
அது இதைவிட வேகமாகக் கொல்லும்."
கொடுத்தாலும் சாவு, கொடுக்காவிட்டாலும் சாவு.
நடுவில் ஒரு எண்ணை
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்தார்:
நாளைக்கு இரண்டே முக்கால் கிலோ உலர்புல்.

மீன் நிறுக்கும் கொக்கித் தராசு இருந்தது.
காலை நான்கரைக்கு, படகில்
சீட்டுக் கிழிக்கப் போகுமுன்,
காய்ந்தபடியே நிறுத்து
தொட்டியில் அமுக்கி ஒரு மணி நேரம் ஊறவைப்பேன்.
தண்ணீர் தேநீர் நிறத்தில் வடியும்.
அந்த இனிப்பை எல்லாம் வாய்க்காலில் ஊற்றுவேன்.
ஸ்கெர்ரியின் மூக்கு
வாய்க்கால் பக்கமே திரும்பியிருக்கும்.

கொட்டிலில் அரையடி கடற்கரை மணல்.
வலைப்பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று,
ஒவ்வொரு இழையாக உருவித் தின்னட்டும் என்று.
கொள்ளு என்றால் வாய் திறக்கும்,
கடிவாளம் என்றால் மூடும் என்பார்கள்.
இவள் இரண்டுக்கும் மூடவில்லை. கனைத்தாள்.
வேலிக்கு அந்தப் பக்கம்
பச்சை இடுப்பளவு நின்றது.

"ஓஸ்லா, உன் குதிரை மணலில் நிற்கிறதே,
சுற்றிலும் இவ்வளவு புல் இருக்க?"
காரின் கண்ணாடியை இறக்கி
ரூபி மேன்சன் கேட்டாள்.
சீட்டைக் கொடுத்தேன், சில்லறையைக் கொடுத்தேன்.
விளக்கம் சொல்ல
இருபது நிமிடக் கடல் போதாது.

மறுநாள் மணலில் ஆப்பிள் காம்பு ஒன்று.
மாலையில் துடிப்பு மறுபடி விரலை இடித்தது.
பலகை எழுதி வைத்தேன்:
தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள்.
எழுத்து பெரிதாக, சிவப்பு வண்ணத்தில்,
படகின் மிச்சப் பெயிண்டில்.

முதல் ஆப்பிள் யாருடையதோ, தெரியாது.
இரண்டாவது என்னுடையது.
இரவு இரண்டு மணி, பால்போல் வெளிச்சம்,
அவள் கழுத்தைத் தொங்கப் போட்டு நின்றாள்.
என் பலகையைத் தாண்டித்தான் போனேன்.
அவள் மென்ற சத்தம்
எனக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.
தோரா தொலைபேசியில் கேட்டபோது
ஊர்க்காரர்கள் மேல் பழி போட்டேன்.

அதன் பிறகு இல்லை.

செப்டம்பரில் லாடக்காரர் வந்து
குளம்பின் நீண்ட முனையைச் சீவி எடுத்தார்.
வயிற்றைச் சுற்றி நாடா பிடித்தேன்:
ஒரு சாண் குறைந்திருக்கிறது.
மணலில் மண்டியிட்டு இரண்டு விரல் வைத்தேன்.
தேடினேன். கிடைக்கவில்லை.
இடம் மாற்றி வைத்துத் தேடினேன்.
எங்கோ அடியில், சாவகாசமாக, ஒன்று.

அதற்குள் அவள் என் கோட்டுப் பையில்
மூக்கை நுழைத்து
உள்துணியை வெளியே இழுத்துவிட்டாள்,
இரவு இரண்டு மணியை
இன்னும் மறக்காமல்.