வந்த காரணம்

லாட்ஜ் லெட்ஜரில் ஆறு பத்தி:
பெயர், வயது, எத்தனை பேர், எங்கிருந்து, எங்கே,
கடைசியில் ஒரு விரல் அகலத்தில்
வந்த காரணம்.

அத்திப்பள்ளி என்போம் நாங்கள்,
அத்திபெலெ என்கிறது பலகை.
பெங்களூரின் வால்நுனி.
செக்போஸ்டில் நின்று தும்மினால்
தமிழ்நாட்டிலிருந்து 'நூறு' என்று குரல் வரும்.
முதலாளி முனியெல்லப்பா வருவோரையெல்லாம்
கைகூப்பி 'பன்னி, பன்னி' என்று அழைப்பார்.
சேர்ந்த வாரம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
இப்போது நானும் அதையே சொல்கிறேன்.

கறையான் தின்றது போக
மிச்சமிருக்கும் பழைய லெட்ஜர்கள்தான்
இந்த ஊரின் சரித்திரம்.
'செக்போஸ்ட்.' 'செக்போஸ்ட்.' 'செக்போஸ்ட்.'
'பர்மிட் தீர்ந்தது.' 'ஆக்சில் உடைந்தது.'
திருச்செங்கோட்டு அர்த்தநாரி, லாரி டிரைவர், மூன்று இரவு,
காரணம்: 'சாருக்குக் காசு போதவில்லை.'
'ரிஜிஸ்டர் கல்யாணம்' என்று ஒரே பேனாவில் இரண்டு கையெழுத்து;
பெண்ணின் ஊரை மட்டும் அடித்துத் திருத்தியிருக்கிறது.
காவிரிக்காகப் பேருந்துகள் நின்றுபோன செப்டம்பரில்
பக்கம் பக்கமாக ஒரே வாசகம்:
'நடந்து வந்தோம்.'
தலையில் பெட்டி, இடுப்பில் குழந்தை,
ஜூஜூவாடியிலிருந்து வெயிலோடு.
தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தோம்.
எந்த ஆற்றுத் தண்ணீர் என்று
அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பிறகு ஜி.எஸ்.டி. வந்தது.
வரி போனது, கூடவே வரிசையும் போனது.
லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தன.
பதினோரு அறையில் ஐந்துக்குப் பூட்டு.

ஏழாம் எண்ணில் பழைய மெத்தைகள்.
ஏரிப்பக்கம் ஜன்னல் அதற்கு மட்டும்தான்.
ஏரியை இங்கே கெரெ என்பார்கள்,
என் காதில் அது கரை என்றே விழும்.
அதனால்தானோ என்னவோ
நாலு வருஷமாகக் கரையோடு நின்றுவிட்டேன்.

போன தை மாதம் ஒரு செவ்வாய்.
ஹேமாவதி, முப்பத்திநாலு, தனியாக,
எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து.
பதினைந்து கிலோமீட்டருக்கு யாராவது ரூம் போடுவார்களா?
வந்த காரணம்: 'ஏரி.'

பேனாவைத் திரும்ப வாங்கும்போது எனக்குக் கை வேர்த்தது.
தனியாக வந்த பெண் அப்படி எழுதினால்
லாட்ஜ்காரன் அதில் வேறொன்றைப் படிப்பான்.
நானும் ரத்னம்மாவும் மெத்தைகளைச் சுமந்து
மொட்டைமாடியில் போட்டோம்.
சாவி கொடுத்தேன். கதவு சாத்திக்கொண்டது.
அந்த மெத்தைகள் மேலேயே உட்கார்ந்தேன் காவலுக்கு,
ஜன்னலில் ஒரு கண், தண்ணீரில் ஒரு கண்.

பத்து மணிக்குப் பெட்ரோல் பங்கின் சிவப்பும்
பட்டாசுக்கடை போர்டின் மஞ்சளும் தண்ணீரில் இறங்கின.
ஒரு மணிக்கு ஆகாயத்தாமரை மொத்தமும் ஓரடி நகர்ந்தது,
தூக்கத்தில் யாரோ போர்வையை இழுத்துக்கொண்டது போல.
நாற்றமும் வந்தது, பொய் சொல்லமாட்டேன்.
மூன்று மணிக்கு ஏதோ பறவை இருமியது.
நாலரைக்குப் பனி.
எதிர்க்கரை இல்லாமல் போயிற்று.
எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது
சத்தியமாக ஒரு நிமிஷம் மறந்துபோனது.
அவள் ஜன்னலில் விளக்கு
அணையவே இல்லை.

விடிந்ததும் இறங்கி வந்தாள்.
கொசு, என்றாள். கீஸர் வேலை செய்யவில்லை, என்றாள்.
நூறு ரூபாய் குறைக்கச் சொன்னாள். குறைத்தேன்.
பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்:
'ராத்திரி முழுக்க மாடி விளிம்பில் இருந்தது நீங்களா?
குதித்துவிடுவீர்களோ என்று
நான் தூங்கவே இல்லை, தெரியுமா?'

மெத்தைகள் இன்னும் மாடியில்தான் கிடக்கின்றன.
ஏழாம் எண்ணுக்கு 'லேக் வியூ' என்று பெயர் வைத்து
இருநூறு கூட்டிவிட்டார் முனியெல்லப்பா.
கீஸரைச் சரிசெய்தாயிற்று.
பன்னி, பன்னி.