உள்ளங்கைச் சோதனை

கெய்யோன் துறைமுகத்தில் மூன்றாம் நாளாக மழை.
தகரக் கூரைக்குக் கீழே
கத்தினால்தான் பேச்சு.
எலெயுத்தேரியோ கத்தினார்:
"நாலு டன் நண்டுச் சதை, என்ஜினியரம்மா,
நாலு டன்!"
நான் என்ஜினியர் இல்லை.
ஒரு வேன், இரண்டு கேஜ், முழங்காலில் கிரீஸ்.

அறை இருக்க வேண்டியது மைனஸ் இருபதில்.
இருப்பது மைனஸ் ஒன்பதில்.
எனக்கு முன் வந்தவன் காஸ் ஏற்றினான்.
அவனுக்கு முன் வந்தவனும் ஏற்றினான்,
போகிற போக்கில்
கம்ப்ரசர் போச்சு என்று எழுதியும் கொடுத்தான்,
அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரை.

"எல்லாம் கதவால் வந்தது.
இராக்காவல் நோல்பெர்த்தோ
திறந்து போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறான்.
அனுப்பிவிட்டேன், பன்னிரண்டு நாளாயிற்று."
இதை மட்டும் அவர் கத்திச் சொல்லவில்லை.
மழையில் பாதிதான் காதில் விழுந்தது.

கேஜை மாட்டினேன்.
உறிஞ்சும் பக்கம் முள் தரையோடு கிடந்தது.
தள்ளும் பக்கமோ
விருந்தில் பெல்ட்டைத் தளர்த்தியவன் போல.
கண்ணாடித் துளைவழியே பார்த்தேன்:
ஒரு குமிழி இல்லை, தெளிந்த திரவம்.
சரக்கு வாசல்வரை வந்து நிற்கிறது.
வாசல்தான் திறக்கவில்லை.
குழாயின் சூட்டை அளந்து கழித்தால்
சூப்பர்ஹீட் இருபத்தேழு.
ஆறு போதும்.

உள்ளே போனேன்.
சுருள்குழாயின் முதல் இரண்டு வளைவில் மட்டும் உறைபனி,
மனமில்லாமல் கிள்ளிக் கொடுத்தது போல.
மீதியெல்லாம் காய்ந்து கிடக்க
விசிறி மட்டும் வெகு சிரத்தையாய்
வெறுங்காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது.

எக்ஸ்பான்ஷன் வால்வு,
முஷ்டியளவு பித்தளை,
தானாக எதையும் அறியாது.
குளிர்ந்து திரும்பும் குழாயில்
ஒரு தாமிர உருளையைக் கட்டி வைத்துவிட்டு
நூல்போன்ற குழல்வழியே
கேட்டுக்கொண்டே இருக்கும்:
அங்கே சூடா? குளிரா?
சூடென்றால் திறக்கும், குளிரென்றால் ஒடுங்கும்.
அதன் மொத்தப் படிப்பும் அவ்வளவுதான்.

பட்டையை அவிழ்த்தேன்.
கையுறையைப் பல்லால் கழற்றி
உருளையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு
வெளியே குரல் கொடுத்தேன்:
"கீழ் முள் அசைகிறதா பாருங்கள்!"
"இல்லை!"
விரல்கள் மரத்தன.
"இப்போது?"
"இல்லை!"
உருளையைச் சட்டைக்குள், அக்குளில் செருகினேன்.
உயிருள்ள எதுவும் அந்தச் சூட்டுக்கு
ஒரு வார்த்தையாவது பதில் சொல்லும்.
"இல்லவே இல்லை!"

பிறகு அந்த நூல்குழலை
விரலால் தடவிக்கொண்டே போனேன்.
விசிறிக் கூண்டின் விளிம்பில்
உரசி உரசி
மயிரிழை அகலத்துக்கு ஒரு வெட்டு.
உள்ளிருந்த கொஞ்சம் காஸ் எப்போதோ போய்விட்டது.
சூடு வந்து சேராத வால்வு
எங்கும் குளிர்தான் என்று நம்பி
ஒழுங்காய், சொன்னபடி,
மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

வேனில் மாற்றுத் தலை ஒன்று இருந்தது.
அதைப் பூட்டி,
இரண்டு பேர் ஏற்றிய காஸைத் திரும்ப வாங்கி,
புதுக் குழலைக் கூண்டுக்கு நாலு விரல் தள்ளிக் கட்டி
முடிக்கும்போது இருட்டிவிட்டது.
மூன்றாம் வளைவுக்குப் பனி வந்தது.
நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஐந்தாம் வளைவு.
எலெயுத்தேரியோ மாத்தே குவளையை நீட்டினார்.
கதவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பில்லில் 'காரணம்' என்ற கட்டம்
ஒரு வரிக்குத்தான் இடம் கொடுக்கும்.
நூல்குழல் உரசி அறுந்தது, என்று எழுதினேன்.
விளிம்பில் மிச்சமிருந்த வெள்ளையில்,
கார்பன் மூன்றாம் தாள்வரை இறங்கும்படி அழுத்தி:
கதவு அல்ல.

அவர் வெகுநேரம் படித்தார்,
இரண்டே சொல்லை.
"யால்தாத் வழியாகத்தானே போவாய்?
அவன் வீட்டில் ஒரு நகல்..."
தபால் வேலை என் கூலியில் சேர்த்தியில்லை, என்றேன்.
வேனில் இடம் இருக்கிறது.

மழையைப் பார்த்தார்.
ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தார்.
நான் என்ஜினைப் போட்டேன்,
கண்ணாடி தெளியட்டும் என்று
கொஞ்ச நேரம் ஓடவிட்டேன்.