கிளைக்கு ஒரு வரி

நாற்பத்தொரு கிளை.
ஒவ்வொன்றும் எதற்காகப் பிரிந்தது என்று
ஒரு வரி எழுதி வை, வெள்ளிக்கிழமைக்குள்.
சொல்லிவிட்டு முதலாளி மூதூருக்குப் போய்விட்டார்.

உட்துறைமுக வீதியில், மாடியில், எங்கள் கந்தோர்.
கீழே ஐஸ் உடைக்கிற சத்தம்.
நாங்கள் எழுதுவது அந்த ஐஸின் கணக்கு:
எந்த வள்ளம், எத்தனை பெட்டி,
பெட்டி திரும்பும்வரை நாள் வாடகை.

"புதுசு." "புதுசு-2." "சோதனை."
"கடைசி." "கடைசி-உண்மையாக."
பெயருக்குக் குறைவில்லை.
சீனக்குடாப் பற்றைக்குள் எண்ணெய்க் குதங்களுக்கும்
எண் இருக்கிறது.
எண்ணைத் தட்டிப் பார்த்தால்
உள்ளே என்ன என்று கேட்குமா?

கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வருகிற சியானா
தேத்தண்ணிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தாள்.
"வெட்டி எறி புள்ள, ஆரு தேடப் போறா?"
முப்பத்தொன்பது அப்படித்தான் முடிந்தது:
விலை மாறியபோது பிரித்தது, அடிமரத்தில் சேர்ந்தாயிற்று, இனி வேண்டாம்.
ரசீதில் எழுத்துரு உடைந்தபோது பிரித்தது, வேண்டாம்.
யாரோ பழகிப் பார்த்தது. வேண்டாம்.

நாற்பதாவது
"ஜெசீலன்-தற்காலிகம்."
ஆறு வருசமாகத் தற்காலிகம்.
சேரவுமில்லை, யாரும் வெட்டவுமில்லை.
உள்ளே ஏழே வரி:
வள்ளம் திரும்பாவிட்டால்
பெட்டி வாடகையை நிறுத்து.

என்ன செய்கிறது என்பதை நிரல் சொல்லிவிடும்.
ஏன் என்று கேட்டால்
அதற்கு வாயில்லை.

டோஹாவுக்கு அழைத்தேன்.
"உது நான் எழுதினதோ? ஞாபகமில்லையே."
திகதியைச் சொன்னேன். மார்கழி, இரண்டாம் கிழமை.
அந்தப் பக்கம் குளிரூட்டியின் இரைச்சல் மட்டும், கொஞ்ச நேரம்.
"மரியசீலன்ர வள்ளம்.
பெட்டியளும் அதோடதானே போச்சு.
பில் மட்டும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
முதலாளியிட்டக் கேட்டுட்டுச் சேர்ப்பம் எண்டு வச்சனான்."
பிறகு,
"கேக்கயில்ல."

அடிமரத்தைத் திறந்து பார்த்தேன்.
மரியசீலன். நான்கு பெட்டி.
வாடகை
இன்றைய திகதிவரைக்கும் ஏறியிருக்கிறது.

சன்னலுக்கு வெளியே மான் ஒன்று
மீன் அட்டைப்பெட்டியை மென்றுகொண்டு நின்றது,
இந்த ஊர் மான்களுக்கு எதுவும் புல்தான்.
அதன் கொம்பு இரண்டாய்ப் பிரிந்து மூன்றாகியிருந்தது,
காரணம் எழுதாமல்.

நான் எழுதினேன்:
"கடல் திருப்பித் தராத பெட்டிக்கு
வாடகை நிறுத்துவதற்காகப் பிரித்தது.
காத்திருப்பது: யாராவது முதலாளியிடம் கேட்பதற்கு."

கிளை என்றால் எங்கள் மொழியில் உறவும்தான்.
அதை எழுதவில்லை. ஒரு வரிதானே கேட்டார்.
"யாராவது" என்பதை மட்டும் அழித்துவிட்டு
நிரோஜினி என்று போட்டேன்.
போட்டபிறகு அந்தப் பெயர் என்னைப் பார்த்தது.

மிச்சம் ஒன்று. நாற்பத்தொன்றாவது.
இன்று காலை நானே பிரித்தது.
பெயர்: "பிறகு-பார்ப்பம்."