தன்மை ஒருமை

மொழிபெயர்ப்பாளருக்கு விதி ஒன்று உண்டு:
"அவ சொல்லுறா" என்று சொல்லக்கூடாது,
"நான்" என்றுதான் சொல்லவேண்டும்.
ஆகையால் திங்களும் வியாழனும்
பொரளையில், பல் கிளினிக்குக்கு மேல்மாடியில்,
ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை
நான் நித்திரை இல்லாதவள்.
நான் கிணற்றுக்குள் குரல் கேட்பவன்.
நான் மகனை அடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே இருப்பவள்.
சம்பளம் மணித்தியாலக் கணக்கு.

டொக்டர் நிலக்ஷி நல்லவர்.
மனசைப் பாமசி இறாக்கை போல
பெயர் ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறார்.
தமிழ்ப் பெயர் மட்டும் நான் தேடவேண்டும்.
உரிய ஆளை விட்டுவிட்டு
வேறு ஆளிடம் போய்ச் சேருகிற கோபத்துக்கு
என்ன பெயர்?
அகராதி பார்த்து,
"உங்கட கோபம் இடம்பெயர்ந்திருக்கு" என்றேன்.

பவளராணி சிரித்துவிட்டா.
"தங்கச்சி, நாங்கள் ஏழுதரம் இடம்பெயர்ந்தனாங்கள்.
அடுப்பை நான் தூக்கினனான்.
ஆட்டை அவர் இழுத்துக்கொண்டு வந்தவர்.
கோபத்தை ஆர் தூக்கினதெண்டு
இப்ப நினைவில்லை."
அதைச் சிங்களத்தில் சொன்னேன்.
சிரிப்பு மட்டும் கூட வரவில்லை.

இன்னொரு சொல் பாக்கி இருந்தது.
நடந்ததை நடக்கவில்லை என்று மனம் அடம்பிடிப்பது.
"மறுப்பு" போதும், பேப்பர்க்காரர் எழுதுகிற சொல்.
எனக்கோ கொட்டாஞ்சேனைக் கோவிலில்
பெரிய வெள்ளி வாசிப்பில் கேட்டது வாய்க்குள் வந்தது:
மறுதலித்தல்.
பின்னாலேயே சேவல் நிற்கிற சொல்.
விழுங்கிவிட்டு, "மறுப்பு" என்றேன்.

ஆமர் வீதிச் சந்தியில் அப்போது மண்மூட்டைகள் இருந்தன.
நூற்றெழுபத்தாறாம் நம்பர் பஸ்ஸிலிருந்து
எல்லோரையும் இறக்கினார்கள்.
பக்கத்தில் சூசைதாசன்.
எங்கள் மேலறையில் வாடகைக்கு இருந்தவன்,
மன்னார் அடையாள அட்டை.
அவனுடைய மதியச் சாப்பாடு என் பையில்:
கீரிமீன் பொரியல், நான் கட்டியது.
இவனைத் தெரியுமா?
"தன்னே நே."
தெரியாது. மிக நல்ல சிங்களம்,
உச்சரிப்பில் ஒரு பிசிறில்லை.
அவனை ஓரமாய் நிற்கச் சொன்னார்கள்.
பஸ் எங்களை ஏற்றிக்கொண்டது.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு வக்கீல் குடியிருக்கிறார்.
அவன்தான் முதலில் சொன்னான், உன்னைத் தெரியாதென்று;
உன்னைக் காப்பாற்றச் சொன்னான்;
நீ அவன் சொல்லைக் காப்பாற்றினாய்.
எதிர்த்தரப்பில் யாருமில்லை.
ஒரு சாப்பாட்டுப் பெட்டி மட்டும்
சாட்சிக் கூண்டில், மூடி திறக்காமல்.
சில இரவுகளில் அவன் முதலில் சொல்கிறான்.
சில இரவுகளில் நான்.
சில இரவுகளில் அந்த பஸ்ஸே ஓடவில்லை.

போன வியாழன் பவளராணி
தன் தங்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தா.
"கேட்டவங்கள். நான் வாய் திறக்கேல்லை."
கேட்டார்கள், நான் வாய் திறக்கவில்லை என்று
சிங்களத்தில் சொன்னேன்.
அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.
அவனுடைய சாப்பாடு என் பையில் இருந்தது
என்றும் சொன்னேன்.
"நான்" என்றுதான் சொன்னேன், விதிப்படி.

டொக்டரின் பேனா அதையும் எழுதியது,
பச்சை மட்டைக் கோப்பில்,
நோயாளி இலக்கம் இருநூற்றுப் பதினான்கு.

பவளராணி திரும்பிப் பார்த்தா.
வத்தளையில் எட்டு வருடம் வீட்டுவேலை செய்தவ,
சாப்பாடு என்ற சொல் தெரியாமல் இருக்குமா?
"நான் அப்பிடிச் சொல்லேல்லையே" என்றா,
மெதுவாக, தமிழில்.
என்ன சொல்கிறார் என்று டொக்டர் என்னைப் பார்த்தார்.
நான் மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தேன்.

சேலைத் தலைப்பை மடியில் நீவி நீவி
சுருக்கம் எடுத்தா பவளராணி.
"சரி, இருக்கட்டும் தங்கச்சி.
என்ர கணக்கிலேயே கிடக்கட்டும்."

கீழே, ஆருடையதோ ஒரு பல்லில்,
மெஷின் ஓடத் தொடங்கியது.
டொக்டர் பேனாவோடு காத்திருந்தார்.
"மம" என்று தொடங்கினேன்.
நான்.
பிறகு, இன்னொருமுறை,
"மம."