எட்டாம் பாட்டில்

காலை ஆறரைக்கு லேபைத் திறந்தேன்.
ரப்பர் இலை கொட்டி முடிந்த மாசம்;
குலசேகரத்து வெயில் மறிக்க ஆளில்லாமல்
உள்ளே வந்து மேசைமேல் கிடந்தது.

காரத்தை எட்டுப் பாட்டிலில் பிரிக்கணும்.
கேன் சரிந்து கொஞ்சம் தரையில் போயிற்று,
கொஞ்சம் என் செருப்பில்.
கடைசிப் பாட்டிலுக்குக் குறைந்தது.
பீரோ சாவி டீச்சர் கைப்பையில்,
டீச்சர் இன்னும் பஸ்ஸில்.
அரைச் சிரட்டைத் தண்ணீர் இருக்கும்,
ஊற்றிக் குலுக்கி வரிசையில் வைத்தேன்.

"எவ்வளவு வரும் லெட்டாக்கா?"
வாயால் சொல்லுகிற வழக்கம் எனக்கில்லை.
துடைக்கிற துணியை இரண்டாய் மடித்து
மேசை ஓரத்தில் வைப்பேன்.
இருபது.
பதினோரு வருஷமாய் அந்தத் துணி பேசுகிறது.

எட்டாம் மேசையில் ஷெர்லின் விஜிலா,
பொன்மனைப் பிள்ளை, அப்பாவுக்குப் பால்வெட்டு.
கூம்புக் குடுவையில் ரோஸ் நிறம்,
மேலிருந்து அமிலம் சொட்டுச் சொட்டாய்.
பதினெட்டு புள்ளி ஆறில் நிறம் போய்விட்டது.
மறுபடி. பதினெட்டு புள்ளி ஆறு.
துணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"இருபதுன்னு போடு பிள்ளே" என்றாள்
பக்கத்து மேசைக்காரி, உதடு அசையாமல்.
மூன்றாம் தடவை
பியூரெட் மூக்கில் ஒரு சொட்டு தொங்கியது,
விழவும் மாட்டேன் என்று.
வயிறு கலங்கியது எனக்கு.

என் வீட்டுக்காரர் ரப்பர் பாலுக்கு ஆசிட் கலக்குகிறவர்.
குறைந்தால் உறையாது, கூடினால் ஷீட் கெட்டது.
அளவு தப்பிய அன்றைக்கு
அவர் யாரிடமும் பொய் சொல்லிப் பயனில்லை,
விடிந்தால் தட்டு சொல்லிவிடும்.

பேனாவை மூடாமல் வெகுநேரம் இருந்தாள்.
பிறகு எழுதினாள்:
18.6
18.6
18.6
மார்த்தாண்டத்திலிருந்து வந்த எக்ஸ்டர்னல்
சிவப்புப் பேனாவை அதன்மேல் நிறுத்தி
"இதென்ன?" என்றார்.
"வந்ததைத்தான் சார் எழுதினேன்."

"சார்" என்றேன்.
அந்த அறையில் கண்ணாடி உடைந்தால்தான்
என் பக்கம் திரும்புவார்கள்.
திரும்பினார்கள்.
"அந்தப் பாட்டில்ல தண்ணி கூட்டினது நான்.
பிள்ளைக்க கணக்கு சரிதான்."

அவர் எவ்வளவு மார்க் போட்டார், தெரியாது.
டீச்சர் சாயங்காலம்வரை பேசவில்லை, போகட்டும்.
குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்தேன்.
எட்டாவதில் நிறமில்லாமல் கொஞ்சம் உப்புத் தண்ணீர்,
வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு ஊற்றினேன்.
அந்தத் துணியை அலசி
கொடியில் போட்டேன்,
மடிக்காமல்.